படிவத்தில் கேள்வியைக் காட்டுவதும் மறைப்பதும்: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் போட்ட முதல் வாரமே பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். "மிஸ், எல்லாத்தையும் நிரப்பிட்டேன். அனுப்புங்கிறத அமுக்குறேன், ஒண்ணுமே நடக்கல." திரையில் சிவப்பெழுத்து இல்லை, எச்சரிக்கை இல்லை. அவள் கண்ணில் படாத ஒரு கேள்விக்குப் படிவம் அவளிடம் பதில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பெட்டியை மறைத்திருந்தேன். ஆனால் அதைக் கட்டாயக் கேள்வியாகவே விட்டிருந்தேன்.

அதன் பிறகு ஹட்டனில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் இந்த வேலையைப் பல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோடு (கணினி நிரல்) எழுதத் தெரியாமல் யாரும் விழுவதில்லை. படிகளை முன்பின்னாகச் செய்துதான் விழுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

எடுத்துக்காட்டாக அந்த உதவித்தொகை விண்ணப்பத்தையே வைத்துக்கொள்வோம். கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

## தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எச்.டி.எம்.எல். படிவம் ஒன்றை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனும் ஒரு லிஸ்ட்டும் எழுதத் தெரிந்தால் போதும். வேறு எந்த லைப்ரரியும் தேவையில்லை. ஒரு படிவத்துக்காகப் பெரிய லைப்ரரியை இழுத்துவந்தால், மஸ்கெலியாப் பக்கம் பள்ளத்தில் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரு கோடு சிக்னலோடு பக்கத்தைத் திறக்கிற பிள்ளைதான் காத்திருக்க வேண்டும்.

ஒரு கோடுபோட்ட தாளும் பென்சிலும் எடுத்து வையுங்கள். முதல் படி அதில்தான்.

## 1. முதலில் தாளில் அட்டவணை போடுங்கள்

மூன்று பத்திகள் வரையுங்கள். முதல் பத்தியில் மறையக்கூடிய கேள்வி, இரண்டாவதில் அது எந்தக் கேள்வியைப் பார்த்து மாறுகிறது, மூன்றாவதில் என்ன பதில் வந்தால் அது தெரிய வேண்டும்.

எங்கள் படிவத்தில் இப்படி வந்தது. "தோட்டப் பெயர், டிவிஷன், லய இலக்கம், காம்பரா (லயத்து அறை) இலக்கம்" ஆகியவை வசிப்பிடம் தோட்டம் என்றால் மட்டும் தெரிய வேண்டும். "வீட்டு இலக்கம், வீதி" ஆகியவை வசிப்பிடம் கிராமம் அல்லது நகரம் என்றால். "உயர்தரப் பிரிவு" தரம் 12 அல்லது 13 என்றால். "பாதுகாவலர் பெயர், உறவு" பிள்ளை தாய் தகப்பனுடன் வசிக்கவில்லை என்றால். "அடையாள அட்டை இலக்கம்" வயது 15 நிறைந்து, அட்டையும் கையில் இருந்தால்.

இதை ஏன் தாளில் செய்ய வேண்டும்? கோடு எழுதத் தொடங்கிய பிறகு யோசித்தால் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக நினைப்போம். தாளில் எல்லாம் ஒரே பார்வையில் கிடக்கும்போதுதான் ஓட்டை தெரியும். எங்கள் பழைய தாள் விண்ணப்பத்தில் வீட்டு இலக்கமும் வீதியும் மட்டுமே இருந்தன. லயத்துக்கு ஏது வீதி? பிள்ளைகள் தோட்டத்துப் பெயரை மட்டும் எழுதினார்கள். போட்ட கடிதம் தோட்ட அலுவலகத்தில் ஒரு கட்டுக்குள் கிடந்து, நேர்முகத் தேர்வுத் திகதி கடந்த பிறகு கைக்கு வந்த கதையை நேரில் கேட்டிருக்கிறேன். காம்பரா இலக்கம் கேட்கும் அந்த ஒரு பெட்டி எங்களுக்குச் சின்ன விஷயமல்ல.

அட்டவணையில் இரண்டு இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள். ஒன்று, இன்னும் எந்தப் பதிலும் தராத நிலை. படிவம் திறந்தவுடன் வசிப்பிடம் காலியாக இருக்கும். அப்போது தோட்ட முகவரியும் தெரியக்கூடாது, வீதி முகவரியும் தெரியக்கூடாது. "தோட்டம் இல்லையென்றால் வீதியைக் காட்டு" என்று எழுதினால் காலி நிலையிலும் வீதி தெரிந்துவிடும். விதியை எப்போதும் "இன்ன பதில் வந்தால் காட்டு" என்றே எழுதுங்கள். மற்றது, மறையக்கூடிய இன்னொரு கேள்வியைப் பார்த்து மாறும் கேள்விகள். அவற்றின் அருகே ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். படி 8இல் அவற்றுக்குத் திரும்பி வருவோம்.

## 2. பதிலுக்குக் குறியீடு கொடுங்கள், தமிழ்ச் சொல்லை ஒப்பிடாதீர்கள்

"பௌதிக விஞ்ஞானம்" என்று திரையில் காட்டுங்கள். ஆனால் அந்தத் தெரிவின் வேல்யூவாக இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு கொடுங்கள். விதியில் அந்தக் குறியீட்டையே ஒப்பிடுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நாளைக்கு யாராவது "தோட்டம்" என்பதைத் "தோட்டக் குடியிருப்பு" என்று திருத்தினால், அல்லது அதே படிவத்துக்குச் சிங்களப் பக்கம் ஒன்று போட்டால், சொல்லை ஒப்பிட்ட விதியெல்லாம் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்கு இரண்டாக இருக்கலாம். "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிட்டால் "வேறு" என்று வரும். "பௌதிக" என்பதில் ஔகாரக் குறி போடாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வகுப்பில் ஒரு தம்பி ஒரு மாலை முழுக்க இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினான். கோட்டில் பிழையே இல்லை. எழுத்தில்தான் இருந்தது.

## 3. கேள்விகளைக் கூட்டாகக் கட்டுங்கள்

சேர்ந்து தோன்றி, சேர்ந்து மறைய வேண்டிய கேள்விகளை ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் போடுங்கள். தோட்டப் பெயர், டிவிஷன், லயம், காம்பரா நான்கும் ஒரு ஃபீல்ட்செட். அதற்கு ஒரு ஐடி கொடுங்கள். "தோட்ட முகவரி" என்று ஒரு லெஜண்டும், அதாவது தலைப்பும், கொடுங்கள். இப்படிக் கட்டிய ஒரு ஃபீல்ட்செட்டைத்தான் இனி கூடு என்று சொல்கிறேன்.

சாதாரண டிவ் போட்டாலும் மறைக்கலாமே என்று கேட்பார்கள். மறைக்கலாம். ஆனால் ஃபீல்ட்செட்டுக்கு டிவ்வுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: அதன்மேல் டிசேபிள்ட் போட்டால் உள்ளே இருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒரேயடியாக முடங்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்தாவது பெட்டி சேர்த்தாலும் கோட்டைத் தொட வேண்டாம். லெஜண்டுக்குள் மட்டும் எந்தப் பெட்டியையும் வைக்காதீர்கள். அங்கிருப்பது முடங்காது.

கூட்டை எங்கே வைப்பது? அதைத் திறக்கும் கேள்விக்கு உடனே கீழே. போன் திரையில் மேலே ஒரு பெட்டி திடீரென்று முளைத்தால், விரலுக்கடியில் இருந்த கேள்வி கீழே நகர்ந்து, வேறு எதையோ அமுக்கிவிடுவார்கள்.

## 4. எல்லாவற்றையும் திறந்த நிலையிலேயே பக்கத்தை எழுதுங்கள்

எச்.டி.எம்.எல்.லில் எந்தக் கூட்டையும் மறைத்து எழுத வேண்டாம். எல்லாம் தெரியட்டும். மறைக்கும் வேலையை ஸ்கிரிப்ட் செய்யட்டும்.

நம் பக்கத்தில் மலை ஒன்று குறுக்கே நின்றால் சிக்னல் போச்சு. பக்கம் வந்து ஸ்கிரிப்ட் மட்டும் வராமல் நின்றுவிடுவது நடக்கிற காரியம். எல்லாம் திறந்திருந்தால் பிள்ளைக்குப் படிவம் நீளமாகத் தெரியும், ஆனால் நிரப்பி அனுப்பலாம். மறைத்து எழுதியிருந்தால் முகவரிப் பெட்டியே அவளுக்குக் கிடைக்காது.

இதோடு ஒட்டிய ஒரு கவனம்: மறையக்கூடிய பெட்டிகளில் ரிக்குவயர்ட் (பதில் கட்டாயம்) என்பதை எச்.டி.எம்.எல்.லில் எழுதாதீர்கள். ஸ்கிரிப்ட் வராத நாளில் தோட்ட முகவரியும் கட்டாயம், வீதி முகவரியும் கட்டாயம் என்றாகி யாராலும் அனுப்ப முடியாது. "இது தெரிகிறபோது கட்டாயம்" என்று நினைவூட்ட டேட்டா என்று தொடங்கும் ஓர் அட்ரிபியூட்டைப் போட்டு வையுங்கள். ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து ரிக்குவயர்ட்டைச் சேர்க்கும்.

## 5. மறைப்பது ஒரு காரியமல்ல, மூன்று

வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் படிதான். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு கேள்வி "இல்லை" என்றால் மூன்றும் நடக்க வேண்டும்: கண்ணுக்குத் தெரியக்கூடாது, பதில்கள் போய்ச் சேரும் கணினியான சேர்வருக்குப் போகக்கூடாது, பதில் கட்டாயம் என்று தடுக்கக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலாவதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.

மறைத்த பெட்டியும் அனுப்பப்படும். இதை நம்ப மறுப்பார்கள், ஆகவே செய்து காட்டுவேன். தரம் 12 என்று தெரிவு செய்து, உயர்தரப் பிரிவில் வர்த்தகம் என்று போடுங்கள். பிறகு "ஐயோ, நான் தரம் 11 அல்லவா" என்று மாற்றுங்கள். பிரிவுப் பெட்டி மறையும். அனுப்புங்கள். சேர்வரில் பாருங்கள்: தரம் 11, பிரிவு வர்த்தகம். பிரவுசர் பெட்டி தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. பெயர் இருக்கிறதா, முடக்கப்படாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இப்படி வந்த ஒரு விண்ணப்பம் எங்களிடம் உயர்தரப் பட்டியலில் போய் உட்கார்ந்து, சாதாரண தரப் பிள்ளைகளை அழைத்த நாளில் அந்தப் பையனுக்கு அழைப்பே போகவில்லை.

மறைத்த கட்டாயப் பெட்டி படிவத்தைப் பூட்டிவிடும். பொகவந்தலாவைப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். காலியான கட்டாயப் பெட்டியிடம் பயனரைக் கொண்டுபோக பிரவுசர் பார்க்கும். பெட்டி மறைந்திருப்பதால் அங்கே போக வழியில்லை. அனுப்புவதையும் நிறுத்திவிடும், காரணத்தையும் சொல்லாது. க்ரோமில் கன்சோலை, அதாவது கோடு எழுதுகிறவர் பிழைச் செய்திகளைப் பார்க்கும் பலகையை, திறந்தால் மட்டும், பெட்டியில் ஃபோகஸ் (அடிப்பது போய்ச் சேரும் இடம்) வைக்க முடியவில்லை என்று ஒரு வரி கிடக்கும். பிள்ளைகள் கன்சோலைத் திறக்க மாட்டார்கள்.

இந்த மூன்றுக்கும் இரண்டு அட்ரிபியூட்டுகள் போதும். ஃபீல்ட்செட்டில் ஹிடன் போட்டால் கண்ணிலிருந்து மறையும். டிசேபிள்ட் போட்டால் உள்ளே இருப்பது அனுப்பப்படாது, கட்டாயம் என்ற சோதனையிலிருந்தும் விலகும். இரண்டையும் எப்போதும் சேர்த்தே போடுங்கள், சேர்த்தே எடுங்கள்.

ஹிடன் போட்டும் மறையவில்லையா? உங்கள் சி.எஸ்.எஸ்.ஸைப் பாருங்கள். ஃபீல்ட்செட்டுக்கு டிஸ்ப்ளே கிரிட் அல்லது ஃபிளெக்ஸ் என்று எழுதியிருப்பீர்கள். அது ஹிடனை மீறிவிடும். ஹிடன் உள்ள எதற்கும் டிஸ்ப்ளே நன், இம்பார்ட்டண்ட் என்று ஒரு வரியை சி.எஸ்.எஸ்.ஸில் சேர்த்தால் தீர்ந்தது. ஒப்பாசிட்டியைப் பூச்சியமாக்கி மறைக்கும் வேலை வேண்டாம். பெட்டி அங்கேயே இருக்கும், விரல் பட்டால் திறக்கும்.

ஹேஸ் என்ற புதிய செலெக்டரை வைத்து சி.எஸ்.எஸ்.ஸாலேயே செய்யலாம் என்று சொல்வார்கள். 2023 டிசம்பரிலிருந்து முக்கிய பிரவுசர்களின் புதிய பதிப்புகள் எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது. ஆனால் அது முதல் காரியத்தை மட்டும்தான் செய்யும். டிசேபிள்ட் போட சி.எஸ்.எஸ்.ஸால் முடியாது. அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், படிவத்துக்கு வேண்டாம்.

பெட்டிக்குள் எழுதியதை அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். அழிக்காதீர்கள். கை தவறி "நகரம்" என்பதை அமுக்கிவிட்டு மறுபடி "தோட்டம்" என்று வருகிற அம்மாவுக்கு, போன் கீபோர்டில் தேடித் தேடி அடித்த நான்கு பெட்டியும் அப்படியே இருக்க வேண்டும். முடக்கினாலே போகாது. அழிக்க என்ன தேவை?

## 6. ஒரே ஒரு ஃபங்ஷன்

இப்போதுதான் கோடு. முதலில் தாளில் போட்ட அட்டவணையை அப்படியே ஒரு லிஸ்ட்டாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் கூட்டின் ஐடி, பார்க்க வேண்டிய கேள்வி, காட்ட வேண்டிய பதில்கள். பிறகு "புதுப்பி" என்று ஒரு ஃபங்ஷன். அது செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

விதி ஒவ்வொன்றுக்கும், மேலிருந்து கீழாக:
— படிவத்தின் இப்போதைய பதில்களை வாசி
— விதி பொருந்துகிறதா என்று பார்
— பொருந்தினால் கூட்டின் ஹிடனும் டிசேபிள்ட்டும் பொய். பொருந்தாவிட்டால் இரண்டும் மெய்
— கூட்டுக்குள் "தெரிகிறபோது கட்டாயம்" என்ற குறி உள்ள பெட்டிகளுக்கு ரிக்குவயர்ட் போடு

யார் எதை அமுக்கினார்கள் என்று இந்த ஃபங்ஷன் கேட்பதில்லை. இப்போது படிவம் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எல்லாக் கூட்டையும் முதலிலிருந்து முடிவு செய்கிறது. பிள்ளைகள் இதை எதிர்த்துத்தான் தொடங்குவார்கள்: "ஒரு கேள்விதானே மிஸ் மாறிச்சு, எதுக்கு எல்லாத்தையும் பார்க்கணும்?" முப்பது விதியைப் பார்க்கப் போனுக்கு ஒரு நொடியில் சின்னத் துண்டுகூட ஆகாது. மாறாக "இதை அமுக்கினால் அதைத் திற, அதை அமுக்கினால் இதை மூடு" என்று எழுதினால் நான்கு கேள்விக்குப் பிறகு எது எதைத் திறந்தது என்று உங்களுக்கே தெரியாது. "மாற்று" என்று டொகிள் எழுதினால் இன்னும் மோசம். ஒரு தடவை தவறினால் அதன்பிறகு எல்லாம் தலைகீழ்.

## 7. அந்த ஃபங்ஷனை எப்போது ஓட்டுவது

படிவம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு சேஞ்ச் ஈவண்டை, அதாவது பதில் மாறியது என்று பிரவுசர் தரும் அறிவிப்பை, கேளுங்கள். உள்ளே எந்தப் பெட்டி மாறினாலும் அந்த ஈவண்ட் மேலேறி படிவத்துக்கு வரும். ஒவ்வொரு ரேடியோ பட்டனிலும் தனித்தனியாகக் கேட்பது பழைய பிழை: ஒரு ரேடியோவைத் தெரிவு செய்தால் அதற்கு மட்டும்தான் சேஞ்ச் வரும். தெரிவு விலகிய மற்ற ரேடியோவுக்கு வராது. "நான் விலகினால் மூடிக்கொள்" என்று எழுதிய கூடு மூடாமலே நிற்கும்.

எழுதும் பெட்டியில் சேஞ்ச் என்பது அடித்து முடித்து வெளியே வந்த பிறகுதான் வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் மாற வேண்டுமென்றால் இன்புட் ஈவண்டைக் கேட்கலாம். நான் கேட்பதில்லை. அடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே பெட்டிகள் வந்து போனால் மனிதர் தடுமாறுவார்.

பக்கம் திறந்ததும் ஒரு தடவை ஓட்டுங்கள். இதை மறப்பவர்கள் பாதிப்பேர். ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்தை ரீலோட் செய்தாலும் நிரப்பிய பதில்களை வைத்திருக்கும். வேறு பக்கத்துக்குப் போய் பின்செல்லும் பட்டனில் திரும்பினாலும் பதில்கள் அப்படியே வரலாம். ஆகவே ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் ஒரு தடவையும், பக்கம் திரைக்கு வரும்போதெல்லாம் எழும் பேஜ்ஷோ ஈவண்டில் ஒரு தடவையும் ஓட்டுங்கள். முன்னது திறந்தவுடன் எல்லாம் பளிச்சென்று தெரிந்து மறைவதைக் குறைக்கும். பின்னது திரும்பி வந்த பதில்களைப் பிடிக்கும்.

"அழி" பட்டன் இருந்தால் ரீசெட் ஈவண்டிலும் ஓட்ட வேண்டும். அது பதில்கள் அழியுமுன்னே வரும் ஈவண்ட் என்பதால், செட்டைம்அவுட் பூச்சியம் போட்டு ஒரு மூச்சு தள்ளி ஓட்டுங்கள். உண்மையில் அந்தப் பட்டனையே எடுத்துவிடுவது நல்லது. நிரப்பியதை முழுதாக அழிக்க ஆசைப்பட்ட ஒரு விண்ணப்பதாரியை இதுவரை நான் பார்க்கவில்லை.

## 8. கேள்விக்குள் கேள்வி

தாளில் நட்சத்திரம் போட்டவை இவை. எங்கள் படிவத்தில் பிறந்த திகதி முதலில். வயது 15 நிறைந்திருந்தால் "அடையாள அட்டை இருக்கிறதா?" என்ற கேள்வி. "ஆம்" என்றால் அட்டை இலக்கம், "இல்லை" என்றால் பிறப்புச் சான்றிதழ் இலக்கம். 15 நிறையாதவருக்கு நேராகப் பிறப்புச் சான்றிதழ் இலக்கம்.

ஒரு பிள்ளை பிறந்த ஆண்டைத் தவறாகப் போட்டு, அட்டை "ஆம்" என்று அமுக்கி, பிறகு ஆண்டைத் திருத்துகிறாள். வயது 14 ஆகிவிட்டது. "அட்டை இருக்கிறதா" மறைந்துவிட்டது. ஆனால் அதற்குள் "ஆம்" இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அந்த "ஆம்" என்பதைப் பார்த்து அட்டை இலக்கம் கேட்கும் பெட்டி தாயில்லாப் பிள்ளைபோல் தனியாக நிற்கும்.

இதற்குத் தனி விதி எழுத வேண்டியதில்லை. பதில்களை வாசிக்க, அவற்றைத் திரட்டித் தரும் பிரவுசர் வசதியான ஃபோர்ம்டேட்டாவைப் பயன்படுத்துங்கள். அது முடக்கிய பெட்டிகளைத் தன்னாலேயே விட்டுவிடும். மேல் கூடு முடங்கியதும் அதன் "ஆம்" கணக்கில் வராது, கீழ்க் கூடும் மூடிக்கொள்ளும். இரண்டு நிபந்தனை: விதி லிஸ்ட்டில் மேல் கேள்வி முன்னே, கீழ்க் கேள்வி பின்னே இருக்க வேண்டும்; ஒவ்வொரு விதிக்கும் பதில்களைப் புதிதாக வாசிக்க வேண்டும். படி 6இல் "வாசி" என்பதைச் சுற்றுக்கு வெளியே வைக்காமல் உள்ளே வைத்தது இதற்காகத்தான்.

திகதியில் இரண்டு பொறி. வயதை இன்றைய திகதியில் கணக்கிடாதீர்கள். போனின் திகதி பிழையாக இருக்கலாம், பிள்ளை வீட்டில் நிரப்பும் நாளும் நீங்கள் பார்க்கும் நாளும் வேறு. விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்து ஓர் எல்லை போடுங்கள். முடிவு 2026-06-30 என்றால் 2011-06-30 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர் 15 நிறைந்தவர். டேட் வகைப் பெட்டி திரையில் எப்படிக் காட்டினாலும் உள்ளே ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில்தான் வைத்திருக்கும். அதனால் நேராக எழுத்தாகவே ஒப்பிடலாம். ஆனால் காலிப் பெட்டி எந்தத் திகதியையும்விடச் சிறியது என்று வந்துவிடும். பிறந்த திகதியே போடாதவர் 15 நிறைந்தவர் ஆகிவிடுவார். முதலில் காலியா என்று பாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

அட்டை இலக்கத்துக்கு நம்பர் வகைப் பெட்டி போடாதீர்கள். பிள்ளைகளுக்கு 12 இலக்கம்தான் இருக்கும். ஆனால் அதே படிவத்தில் பாதுகாவலராகப் பாட்டியின் பழைய அட்டை வரும்: 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். நம்பர் பெட்டி அந்த எழுத்தை ஏற்காது.

## 9. பல தெரிவும் மாவட்டப் பட்டியலும்

"என்ன உதவி தேவை?" என்பதற்குச் சீருடை, பஸ் சீசன் (பருவச் சீட்டு), வகுப்புக் கட்டணம், வேறு என்று நான்கு டிக் பெட்டிகள். பஸ் சீசன் டிக் செய்தால் பாடசாலைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்க வேண்டும். இங்கே ஃபோர்ம்டேட்டாவில் கெட் என்று வாசித்தால் டிக் செய்தவற்றில் முதலாவது மட்டும்தான் வரும். சீருடையும் பஸ்ஸும் டிக் செய்தவருக்குச் சீருடை மட்டுமே வரும், தூரம் கேட்கும் பெட்டி திறக்காது. கெட்ஆல் என்று வாசித்து, அந்த லிஸ்ட்டில் பஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாவட்டம் தெரிவு செய்ததும் அதற்குரிய பிரதேச செயலகங்கள் வர வேண்டுமென்றால், தெரிவுகளை மறைக்கப் பார்க்காதீர்கள். சில பிரவுசர்கள் மறைக்காது. பட்டியலையே புதிதாகக் கட்டுங்கள். முதல் வரி வேல்யூ இல்லாத "தெரிவு செய்க" என்றிருக்கட்டும். இல்லாவிட்டால் பட்டியலின் முதல் பெயரைப் பிரவுசர் தானே தெரிவு செய்துகொள்ளும், கவனிக்காத பிள்ளையெல்லாம் அம்பகமுவைக்காரர் ஆகிவிடுவார்.

பெயர்ப் பட்டியலைக் கோட்டுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் பல காலம் 5 பிரதேச செயலகப் பிரிவுகள்தான் இருந்தன. இப்போது நோர்வூட், தலவாக்கலை போன்றவை சேர்ந்து 10. தோட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே செயலகம் என்ற நிலை மாறக் கேட்டுப் பெற்றது அது. படிவம் பழைய பட்டியலோடு நிற்கக்கூடாது.

## 10. பார்க்காமல் கேட்டு நிரப்புகிறவர்

திரையை வாசித்துக் காட்டும் செயலியோடு நிரப்புகிறவருக்குப் புதுக் கூடு தோன்றியது தெரியாது. கூடு அதைத் திறந்த கேள்விக்கு உடனே பின்னால் இருந்தால் அடுத்த நகர்வில் அவர் அதையே அடைவார், லெஜண்டும் வாசிக்கப்படும். படி 3இல் சொன்ன இடமே இங்கும் காக்கிறது.

புதுப் பெட்டிக்குள் ஃபோகஸை நீங்களாகத் தள்ளாதீர்கள். கீபோர்டில் அம்புக்குறியால் ரேடியோக்களில் நகரும்போதே தெரிவு மாறும். மூன்றாவது தெரிவுக்குப் போக நினைப்பவரை இரண்டாவதிலேயே பிடித்து வேறு பெட்டியில் தள்ளிவிடுவீர்கள்.

## 11. சேர்வரிலும் அதே அட்டவணை

பிரவுசரில் செய்ததெல்லாம் நிரப்புகிறவரின் வசதிக்கு. சரியான பதில்தான் வருகிறது என்பதற்கு அது உத்தரவாதமல்ல. ஸ்கிரிப்ட் வராத நாளில் எல்லாப் பெட்டியும் திறந்தே வரும் என்று நாமே எழுதியிருக்கிறோம்.

ஆகவே சேர்வரில் இரண்டு வேலை. விதி பொருந்தாத பதில் வந்தால் சேமிக்காமல் விட்டுவிடுங்கள். விதி பொருந்தி, கட்டாயப் பதில் வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். முடிந்தால் விதி லிஸ்ட்டை ஒரு ஜேசன் கோப்பில் வைத்து இரு பக்கமும் அதையே வாசிக்கச் செய்யுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால் மூன்றாம் மாதம் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள்.

திருப்பி அனுப்பும்போது அவர் நிரப்பியதைப் பெட்டிகளில் மீண்டும் போட்டு அனுப்புங்கள். பக்கம் திறந்ததும் "புதுப்பி" ஓடி சரியான கூடுகளைத் திறந்துகொள்ளும்.

## 12. சோதிக்கும் வரிசை

தாள் அட்டவணையை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒரு தடவை திறந்து, அனுப்பி, சேர்வரில் வந்ததைப் பார்த்து டிக் போடுங்கள். திரையைப் பார்த்து டிக் போடாதீர்கள். பிழை ஒளிந்திருப்பது திரைக்குப் பின்னால்.

பிறகு மனம் மாறும் பாதை: திறந்து, நிரப்பி, முதல் பதிலை மாற்றி, அனுப்புங்கள். பிறகு மாற்றியதை மறுபடி மாற்றி, எழுதியது இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பிய நிலையில் ரீலோட். நிரப்பிய நிலையில் வேறு பக்கம் போய்த் திரும்புதல். ஒன்றுமே நிரப்பாமல் அனுப்புதல். மவுஸைத் தொடாமல் கீபோர்டில் மட்டும் ஒரு தடவை. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஒரு தடவை.

கடைசியாக, படிவத்தை உங்களுக்கு முன்னால் வேறொருவர் நிரப்பட்டும். கணினி வகுப்புப் பிள்ளை வேண்டாம். கொழுந்து நிறுத்து முடித்து வரும் ஓர் அக்காவிடம் அவருடைய போனிலேயே கொடுத்து, அவர் மகளுக்காக நிரப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் விரல் எந்த இடத்தில் நின்று தயங்குகிறதோ அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, அன்றிரவே திருத்துங்கள்.